ஐயாயிரத்துக்கு ஒரு ஆள் குறைவு

இஸ்திரிக்காரி மூன்றாவது வருஷமாகக் கர்ப்பமாக இருந்தாள். வயிறு மேசையில் இடிக்கும் என்பதால் பக்கவாட்டில் நின்று துணி தேய்ப்பாள். மற்றபடி ஒரு குறையும் இல்லை. முதல் இரண்டு பிள்ளைகளும் டவுன் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், குண்டும் குழியுமான ரோட்டில், வேனுக்குள் பிறந்து வேனுக்குள்ளேயே கண்ணை மூடின. அதனால் மூன்றாவதிடம், "நம்ம ஊருக்கு ஆஸ்பத்திரி வரட்டும், அதுவரைக்கும் உள்ளயே இரு" என்று சொல்லிவிட்டாள். பிள்ளை சொல்பேச்சுக் கேட்டது.

ஆஸ்பத்திரி வர வேண்டுமானால் ஊர் பேரூராட்சியாக வேண்டும். பேரூராட்சியாக ஐயாயிரம் பேர் வேண்டும். கணக்கெடுக்க வந்த அதிகாரி எண்ணி முடித்தபோது ஒரு ஆள் குறைந்தது. ஒரு வீட்டில் ஒன்று பிறந்தால் அன்றைக்கே இன்னொரு வீட்டில் ஒன்று செத்தது. ஒருத்தர் குடிவந்தால் ஒருத்தர் மூட்டை கட்டினார். வயிற்றில் இருப்பதை எண்ணச் சட்டத்தில் இடமில்லை. பிரசவம் ஆகட்டும் என்று அதிகாரி இஸ்திரிக்காரி வீட்டு முன்னறையிலேயே பாயை விரித்துவிட்டார். ஊரே அவளை நச்சரித்தது. பேரூராட்சியானால் வரி கூடும் என்று பயந்த செங்கல் சூளைக்காரர் மட்டும், "அவசரப்படாதம்மா, உடம்பப் பாத்துக்க" என்று பழம் வாங்கிக் கொடுத்தார். "நீ பெத்தாத்தான் ஆஸ்பத்திரி வரும்" என்பான் புருஷன். "ஆஸ்பத்திரி வந்தாத்தான் பெப்பேன்" என்பாள் இவள். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

அப்படியே இரண்டு வருஷம் ஓடியது. பிறகு மேலிடத்து உத்தரவு வந்தது: இன்று சாயங்காலத்தோடு கணக்கு முடிகிறது, விட்டால் இனிப் பத்து வருஷம் கழித்துத்தான். அன்றைக்கென்று பார்த்து அவளுக்கு வலி கண்டது. புருஷன் ஓடிப்போய் வேனைக் கூட்டிவந்தான். வாசலில் அது உறுமிக்கொண்டு நிற்பதைப் பார்த்ததும் அவள் மேசை விளிம்பை இறுகப் பிடித்து, "கொஞ்சம் பொறு தங்கம், வெளிய வராத" என்று கெஞ்சினாள். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்து, "ஒரே ஒரு ஆள்தான்..." என்று முனகினார். மாமியாருக்கு வந்ததே ஆத்திரம்!

"ரெண்டு வருஷமா என் வீட்டுல தின்னு, என் வீட்டுல தூங்கி, எம்மருமக தேச்ச சட்டைய மாட்டிக்கிட்டு, ஆள் இல்ல, ஆள் இல்லன்னா? அப்ப நீ யாருய்யா? நீ ஆளில்லையா?"

அதிகாரி சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். ஆறு மாதம் தொடர்ந்து குடியிருப்பவர் அந்த ஊர்க்காரர் என்றிருந்தது. பேனாவைத் திறந்து கடைசி வரியில் தன் பெயரை எழுதினார். வலி நின்றது. வேன்காரன் வெறும் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான்.

கட்டடம் எழும்ப இன்னொரு வருஷம் ஆனது. சிமெண்ட் வரத் தாமதமான வாரங்களில் பிள்ளை கொஞ்சம் உதைத்தது, அவ்வளவுதான். திறந்த அன்றைக்கு இஸ்திரிக்காரி கணக்கில் இருந்த துணியை எல்லாம் தேய்த்து வைத்துவிட்டு நடந்தே போனாள். வரிசைப் பல்லும் தோள்வரை முடியுமாகப் பெண் பிறந்தது. அழவில்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "அம்மா, நாம ரோட்டுலயா இருக்கோம்?" என்று கேட்டது.

"இல்லடி கண்ணு, உள்ள வந்துட்டோம்" என்றாள்.

அதற்கப்புறம்தான் பிள்ளை வீறிட்டு அழுதது. நர்ஸ் அதை எடை போட்டு, துடைத்து, தாயிடம் கொடுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.