தேசப்பனுக்குக் குடல்வால் கிடையாது

வயிற்றைப் பிடித்துக்கொண்டு துடிக்கிற மனுஷனைப் பார்த்து, "உங்களுக்குக் குடல்வாலே இல்லையே" என்று டாக்டர் சொன்னால் அவன் என்னதான் செய்வான்? தேசப்பன் இன்னும் கொஞ்சம் சுருண்டுகொண்டான். 2003லேயே வெட்டி எடுத்தாகிவிட்டதாம், கம்ப்யூட்டர் சொல்கிறதாம். தழும்பே இல்லை சார் என்று நர்ஸ் ஃப்ளோரன்ஸ் அவன் சட்டையைத் தூக்கிக் காட்டியும் டாக்டர் அசையவில்லை. ரெக்கார்டில் இருப்பதுதான் கணக்கு என்று போய்விட்டார்.

கம்ப்யூட்டர் மேல் குற்றம் இல்லை, பாவம். காத்திவாக்கம் குப்பத்தில் தேசப்பனின் ஆஸ்பத்திரி அட்டை ராசியான அட்டை. அதை எடுத்துக்கொண்டு போன ஒருத்தரும் பிணமாகத் திரும்பியதில்லை. வலையை இரவல் கேட்பது போல வந்து கேட்பார்கள், அவனும் பெருமையாகக் கொடுப்பான். ஆணா பெண்ணா என்று கவுண்டரில் எவன் பார்த்தான்? நம்பரைத்தான் பார்த்தான்.

"இந்த வருஷம், 2008லருந்து ரெக்கார்டு எல்லாம் நெட்ல வருது. எது உங்களோடது இல்லையோ, அதுக்கு நேரா 'தவறு'ன்னு அமுக்கி அனுப்புங்க. இன்னிக்கே ஆபரேஷன் பண்ணிடலாம்" என்று ஃப்ளோரன்ஸ் பாஸ்வேர்டை எழுதி, தேசப்பன் பெண்டாட்டி மங்கையிடம் கொடுத்தார். மங்கைக்கும் அவனுக்கும் கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம். பிள்ளை இல்லை. அதைப் பற்றிப் பேசுவதையே இருவரும் எப்போதோ விட்டுவிட்டார்கள்.

ஆஸ்பத்திரிக்கு எதிரிலேயே கலீலுல்லாவின் பிரவுசிங் சென்டர். இரண்டு நாற்காலிகளைச் சேர்த்துப் போட்டு தேசப்பனைக் கிடத்தினார்கள். கலீலுல்லா ஊருக்கே கேட்கிற மாதிரி படித்தார்.

"நாய்க்கடி ரெண்டு தபா. கண்ணுல பொர. பாம்புக்கடி. இன்னா நைனா, இன்னும் உசுரோட கீறியே!"

"பாம்பு கடிச்சது எதிர் வூட்டு சொக்கம்மாள. அமுக்கு பாய், வலி தாங்கல."

"கொடலுவாலு?"

"பக்கத்து வூட்டு ஜெகதீசனுது. அத மொதல்ல அமுக்கு!"

கலீலுல்லா அமுக்கினார். அடுத்த வரியில் அவர் குரலே மாறிப்போனது. "2000 ஜூன். சுகப்பிரசவம். பொட்டப் புள்ள, ரெண்டே முக்கா கிலோ. தாய் பேரு..." என்று திரும்பிப் பார்த்தார். "தேசப்பன்."

சென்டரே விழுந்து விழுந்து சிரித்தது. அது ஜெகதீசன் பெண்டாட்டி நர்மதாவின் பிரசவம். தேசப்பனுக்கும் சிரிப்பு வந்தது, வலி வந்து பாதியில் பிடித்துக்கொண்டது.

"அதையும் அமுக்கு பாய்."

மங்கை சட்டென்று மவுஸைக் கையால் மூடினாள். "அத வுட்ரு."

"இன்னாமே, நான் ஆம்பளமே! டாக்டரு இன்னா நெனைப்பாரு?"

"இன்னா வேணா நெனைக்கட்டும்யா. பாம்ப எடு, நாய எடு. அது மட்டும் கெடக்கட்டும்."

தேசப்பன் அவள் முகத்தைப் பார்த்தான். பதினெட்டு வருஷமாக அவள் தன்னிடம் எதையுமே கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது, அந்தப் பாழாய்ப்போன மனுஷனுக்கு.

"அனுப்பு பாய்" என்றான்.

சாயங்காலமே குடல்வாலை எடுத்துவிட்டார்கள். மறுநாள் காலையில் புது ரெக்கார்டும் கையுமாக டாக்டர் வந்தார். வெகுநேரம் தாளைப் பார்த்தார், தேசப்பனின் மீசையைப் பார்த்தார்.

"மத்ததெல்லாம் சரியாயிடுச்சு. இது மட்டும்... ஒரு பிரசவம் ஆனதா இருக்கே?"

மங்கை தலையைக் குனிந்துகொண்டாள். தேசப்பன் தையலைப் பிடித்தபடி மெல்ல எழுந்து உட்கார்ந்தான்.

"ஆமா சார்" என்றான். "பொண்ணு. மூணாங்கிளாஸ் படிக்குது."