லவ்ரியின் கல்

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் காலை, பண்ணையார் வாட்கின் பிரைஸ் தன் கல்லறைக்குள்ளிருந்து மூன்று முறை தட்டினார். உயிரோடிருந்தபோதும் வேலைக்காரி லவ்ரியை அவர் அப்படித்தான் கூப்பிடுவார், கைத்தடியால் தரையைத் தட்டி. யாரும் போகவில்லை. அன்று லான்கெனாரத் ஊரில் பதினேழு ஆட்டுக்குட்டிகள் செத்துப் பிறந்தன.

பாதிரியார் லவ்ரியைக் கூட்டிவந்தார். அவளுக்கு வயது பத்தொன்பது. அந்தக் கல்லறையைச் செதுக்கிய கொரோன்வியோடு மறுவாரம் கல்யாணம்.

"ரெண்டு நாள் பக்கத்துல உக்காரும்மா. தட்டுனா, 'இங்கதான் இருக்கேன் எசமான்'னு சொல்லு. அடங்கிடுவார்."

"உசுரோட இருந்தப்பவே அடங்கலையே சாமி," என்றாள் லவ்ரி. ஆனாலும் போய் உட்கார்ந்தாள்.

கல்யாணத்தன்று தேவாலயத்தில் மோதிரம் போடும் நேரத்தில், வெளியே கல்லறையிலிருந்து தட்டல் கேட்டது. லவ்ரி கொரோன்வியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அவனுடைய அம்மாதான் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள். "எங்க ஆடெல்லாம் சாகணுமாடி?" கொரோன்வி தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டு நின்றான். அறுவடைக்குள் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டான். லவ்ரிக்கென்று கல்லறையை ஒட்டி நின்ற யூ மரத்தடியில் ஒரு கல் இருக்கை செய்து போட்டான். பெரிய மனசுக்காரன் என்றது ஊர். அந்த இருக்கையில் அவள் ஒருநாளும் உட்காரவில்லை. ஈரத்தரையிலேயே இருந்தாள்.

ஐம்பது வயதில் அவளுக்குக் காது போனது. எப்போது தட்டுவாரோ என்று பயந்து, பகல் முழுக்கப் பதில் சொல்லிக்கொண்டே இருந்தாள். மறுவருஷமே தட்டல் நின்றுவிட்டது. ஊருக்குத் தெரியும். அவளிடம் சொல்லவில்லை. தேவாலய மணிக்கூண்டின் கீழே சும்மா கிடந்த அறையில் அவள் படுத்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னால் இனி யார் வீட்டில் இருப்பாள் என்ற பேச்சு வரும். இப்படிப் பன்னிரண்டு வருஷம் போயிற்று.

கடைசியில் சொன்னவள் கொரோன்வியின் மருமகள் நெஸ்ட், அயலூர்க்காரி. கல்லறையைத் தட்டிக் காட்டி, இல்லை என்று கையை விரித்தாள். பிறகு பத்து விரல்களையும், அதன்பின் இரண்டு விரல்களையும் காட்டினாள். லவ்ரி அந்த இரண்டு விரல்களையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கீழே கிடந்த கருங்கல்லை எடுத்துக் கல்லறை மூடியில் மூன்று முறை ஓங்கி அடித்தாள்.

"இங்கதான் இருக்கேன்மா," என்றது உள்ளேயிருந்து வாட்கின் பிரைஸின் குரல், மிகப் பணிவாக.

லவ்ரிக்குக் கேட்கவில்லை. இன்னும் ஓங்கி அடித்தாள். அவர் இன்னும் உரக்கச் சொன்னார். விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை அவள் அடிப்பதும் அவர் கத்துவதுமாக நாட்கள் போயின. மாதம் திரும்புவதற்குள் அவர் குரலில் அழுகை கலந்தது. பதில் வருகிறது என்று கிழவியிடம் சொல்லலாமா என்று புதிதாக வந்த பாதிரியார் கேட்டார்.

"எதுக்கு சாமி? ரெண்டு பேருக்கும் பொழுது போகுதுல்ல," என்றான் கொரோன்வி.

ஞாயிற்றுக்கிழமைகளில் பாதிரியார் அந்தப் பதில் முடியும்வரை பிரசங்கத்தை நிறுத்திக்கொள்வார். பிறகு விட்ட வரியிலிருந்து தொடர்வார்.