துரைசானியின் அலகு

கூடையின் மேல் கட்டியிருந்த துணியை என் மனைவி கோமளா அவிழ்த்ததும் மூன்று வெள்ளைக் கோழிகள் வாசலில் குதித்தன. மாவுக்கட்டுப் போட்ட காலை நீட்டிக் கயிற்றுக்கட்டிலில் படுத்திருந்த எனக்கு முதலில் அவற்றின் அலகுதான் கண்ணில் பட்டது. மேல் அலகு பாதியோடு மழுங்கி நின்றுவிட்டது. கீழ் அலகு மட்டும் கரண்டி போல முன்னால் நீண்டிருந்தது. மூன்றுக்கும் அப்படியே.

“என்ன அம்மணி, ஊனமாப் பாத்துப் பொறுக்கிட்டு வந்தியா?” என்றேன்.

“பண்ணைக்காரரு சொல்லித்தானுங்க குடுத்தாரு. நெருக்கமா அடைச்சு வெச்சா ஒண்ணையொண்ணு கொத்திக் கொன்னுபோடுமாம். அதனால குஞ்சுலயே நுனியைச் சுட்டு எடுத்தர்றாங்களாம். முட்டைக்கு ஒரு குறையும் இல்லீங்களாம்.”

“முட்டைக்கா நாம கோழி வாங்கினோம்?”

கோமளா காலிக் கூடையைச் சுவரோரம் கவிழ்த்தாள்.

அறுபத்து மூன்றாம் வருடம், சித்திரை மாதம். கணபதியில் எங்கள் வீட்டைச் சுற்றி அப்போது பருத்திக்காடுதான். அறுவடை முடிந்ததும் பிடுங்கிய பருத்திமாரை அடுப்பெரிக்கக் கட்டுக் கட்டாகச் சுவரோரம் அடுக்கி வைப்போம். அதற்குள் தேள் அடையும். நாட்டுக்கோழிகள் இருந்தவரை யாரும் அதைப் பற்றி நினைத்ததில்லை. கண்ட இடத்தில் கொத்திக் கொடுக்கை முறித்து விழுங்கிவிடும். மாசியில் வந்த கழிச்சல் நோயில் தெருவிலிருந்த கோழி அத்தனையும் செத்தன. பங்குனியில் பக்கத்து வீட்டுச் சீனிவாசலுவின் மகனைச் செந்தேள் கொட்டியது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே பையன் போய்விட்டான். எங்கள் மகள் ராமாமணி தவழத் தொடங்கியது அப்போதுதான். நான் சைக்கிளிலிருந்து விழுந்து முழங்காலுக்குக் கீழே எலும்பை முறித்துக்கொண்டதும் அப்போதுதான். காலை ஊன்றினால் எலும்பு விலகிவிடும், அப்புறம் ஆயுசுக்கும் நொண்டிதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வாசலைக் காக்கக் கோழி வேண்டுமென்றுதான் கோமளா சூலூர்ப் பக்கம் போய் வந்தாள்.

காட்டு வேலைக்கு வரும் பாவாத்தாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சிரித்தாள். “ஏனுங்க அம்மணி, இதுகளுக்குச் சோறு ஊட்டியுடோணுமாட்ட இருக்குதுங்களே!”

“ஏற்கெனவே வீட்டுல ரெண்டு பேருக்கு ஊட்டறேன். இன்னும் மூணு வந்தா என்ன, போ பாவாத்தா.”

அப்படித்தான் ஆயிற்று. தரையில் இறைத்த கம்பு அவற்றின் வாயில் நிற்கவில்லை, வழுக்கிக்கொண்டு போனது. ஆழமான சட்டியில் கொட்டி வைத்தால்தான் அள்ளித் தின்றன. மூன்றில் பெரியதற்குக் கோமளா ‘துரைசானி’ என்று பெயர் வைத்தாள். அது அவள் பின்னாலேயே அடுக்களை வரை போகும். குழந்தைக்கோ துரைசானியைக் கண்டால் போதும், பால்கூட வேண்டாம்.

அன்று மத்தியானம் கோமளா அடுப்புக்காக ஒரு கட்டுப் பருத்திமாரை உருவிப் போட்டாள். அதற்குள் தெருமுனைப் பைப்பில் தண்ணீர் வந்துவிட்டதென்று சத்தம் கேட்டது.

“பாப்பாவைப் பாத்துக்குங்க. ஓடிப் போயிட்டு வாரேன்” என்று குடத்தோடு ஓடினாள்.

ராமாமணி கட்டிலுக்கு அந்தப் பக்கம், நிழலில் விரித்த சாக்கின் மேல் உட்கார்ந்திருந்தாள். கட்டு உருவின இடத்திலிருந்து செந்தேள் ஒன்று வெளியே வந்தது.

எனக்கு முன்பே துரைசானி அதைப் பார்த்துவிட்டது. ஓடிப் போய்க் கொத்தியது. அலகு வழுக்கியது. தேள் வாலைத் தூக்கிக்கொண்டு நின்றது. கோழி மறுபடி கொத்தித் தூக்கியது. தூக்கின தேள் அந்த மொட்டை அலகில் தங்கவில்லை. தலையை உதறியதில் பறந்து போய்ச் சாக்கின் அருகே விழுந்தது.

ராமாமணி கை தட்டிச் சிரித்தாள். கோழியிடம் போகத் தவழத் தொடங்கினாள்.

“கண்ணு! இங்க வா! அப்பாகிட்ட வா!”

திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டு மறுபடி அங்கேயே போனாள். கோமளாவைக் கூப்பிட்டேன். தெருவே பைப்படியில் நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தது. என் குரல் யாருக்குக் கேட்கும்? கட்டிலடியில் தண்ணீர்ச் சொம்பு இருந்தது. தேளைக் குறி பார்த்து எறிந்தேன். தவறியது. சொம்பு உருண்டு தேளுக்குப் பக்கத்திலேயே போய் நின்று பளபளத்தது. குழந்தைக்கு இப்போது கோழி மறந்துவிட்டது. சொம்பை நோக்கி வேகமாகத் தவழ்ந்தாள்.

துரைசானி இடையில் வந்தது. கொத்தியது. வழுக்கியது. கொத்தியது. தேளின் வால் அதன் கழுத்துச் சிறகில் அடித்தது.

நான் கட்டிலிலிருந்து உருண்டேன். கால் தரையில் மோதியபோது கண் இருட்டியது. முழங்கையால் இழுத்து இழுத்துப் போனேன். கை எட்டவில்லை. குழந்தையின் விரல் சொம்பைத் தொட்டது. உடம்பைத் திருப்பி, மாவுக்கட்டோடு காலைத் தூக்கித் தேளின் மேல் போட்டேன். மாவுக்கட்டு உடைந்த சத்தமும் எலும்பின் சத்தமும் ஒன்றாகக் கேட்டன.

கோமளா வந்து குடத்தைப் போட்டாள். குழந்தையின் சட்டையைக் கழற்றி விரல் விரலாகப் பார்த்தாள். ஒன்றுமில்லை என்று தெரிந்தபிறகுதான் என்னைப் பார்த்தாள்.

“ஐயோ, காலை ஊனிப்போட்டீங்களா!”

“உன்ற கோழி தேளைத் தூக்கிப் புள்ளை மேல வீசுது! மொதல்ல அதைப் புடிச்சு அறு!”

“வீசலீங்க. மறிச்சிருக்குது. நீங்க எறங்கற வரைக்கும் அதுதான் மறிச்சிருக்குது.”

“நீ பாத்தியா?”

“பாக்கோணுமா?”

கோழியை அவள் அறுக்க விடவில்லை. அது வயதாகித்தான் செத்தது. என் கால் கோணலாகவே கூடியது. ஒவ்வொரு தடவை நான் நொண்டும்போதும், வீசுச்சு என்று நானும் மறிச்சுது என்று அவளும் சொல்லிச் சொல்லி அந்த வழக்கு எங்களோடு கிழமாகிவிட்டது.

கோமளா போன ஐப்பசியில் இறந்தாள். காரியமெல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பின பிறகு, நான் வாசற்படியில் காலைத் தூக்கி வைக்கச் சிரமப்பட்டேன். ராமாமணி வந்து கையைப் பிடித்தாள்.

“எல்லாம் அந்தக் கோழியால. வீசுச்சே!” என்றேன். வழக்கமாக வருவதுதான், வாயில் வந்துவிட்டது.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“வீசலீங்கப்பா. மறிச்சுது” என்றாள்.

“நீ பாத்தியா?”

“பாக்கோணுமா?”