காலை ஏழு மணி நிழல்

1.

இந்தக் கதை ஒரு தவறிலிருந்து பிறந்தது. தவறு என்னுடையது, ஆகவே கதையும் என்னுடையது. விராலிமலைப் பக்கம் ஒரு கம்பெனியில் பதினோரு மாதம் நைட் ஷிஃப்ட் பார்த்துவிட்டு, போன ஆவணியில் நின்றுவிட்டேன். இரவு வேலையை விட்டேனே தவிர, பகல் தூக்கத்தை விடவில்லை. மஸ்கட்டில் இருக்கும் அண்ணன் ரகுநாத், அன்னவாசல் வீட்டின் முன்னால் தோட்டம் அமைக்கப் பிளான் போடும் வேலையை என்னிடம் கொடுத்தான். திறமையைப் பார்த்து அல்ல. சும்மா கிடந்தவன் நான் ஒருவன்தான்.

2.

முதல் தொடக்கம்: 'செம்மண் பூமியில் ஒரு பச்சைக் கனவு முளைவிட்ட...' [போதும். மனை விற்கிற நோட்டீஸ் மாதிரி இருக்கிறது.]

இரண்டாம் தொடக்கம்: 'அந்த வேம்பு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது.' [மரம் பார்க்காது.]

மூன்றாவது, உள்ளபடி: தெற்குப் பார்த்த வீடு. முன்னால் நாற்பதுக்கு அறுபது அடி காலியிடம், நடுவில் வேம்பு. மரத்துக்குக் கிழக்கே புல்தரையும் ஊஞ்சலும், இது அண்ணன் கேட்டது. மேற்கே மாடு, இது அண்ணி சத்யா கேட்டது. கன்றிலிருந்து அவர் வளர்த்த மாடு, இப்போது எட்டு மாதச் சினை. நிழலில் கட்ட இடம் இருந்தால் மாடு இருக்கட்டும், இல்லையென்றால் தான் சித்திரையில் வருவதற்குள் விற்றுவிட வேண்டும் என்று அண்ணன் சொல்லியிருந்தான்.

3.

கிராஃப் தாளில் ஸ்கேல் வைத்து வரைந்தேன். வேம்பின் நிழலைக்கூடப் பென்சிலால் தேய்த்து, அதற்குள் மாட்டை நிறுத்தினேன். அண்ணி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது எத்தன மணி நெழலு, தம்பி?"

நிழல் நிழல்தானே என்றேன்.

"காலையில அங்கிட்டு விழும். மூணு மணிக்கு இங்கிட்டு வந்துரும். புல்லுக்கு நெழலு, செனமாட்டுக்கு வெயிலா?"

பதினோரு மாதமும் வேலை முடிந்து காலை ஏழு மணிக்குத்தான் கேட்டைத் திறப்பேன். திறந்ததும் படுத்துவிடுவேன். எனக்குத் தெரிந்த ஒரே நிழல் அந்த ஏழு மணி நிழல். அதைத்தான் வரைந்திருக்கிறேன்.

(அடிக்குறிப்பாக வந்திருக்க வேண்டியது: இந்தக் கதையில் பகல் காட்சிகள் மங்கலாகத் தெரிந்தால் அச்சுக்காரரைத் திட்ட வேண்டாம்.)

4.

அண்ணி அழுவதாக ஒரு பத்தி எழுதினேன். அவர் அழவில்லை. பத்தியை அடித்துவிட்டேன். அவர் செய்தது, மரத்துக்குக் கிழக்கேயும் ஒரு முளைக்குச்சி அடித்தது. பன்னிரண்டு மணிக்கு மாட்டை அவிழ்த்து அந்தப் பக்கம் மாற்றிக் கட்டினால் போதும். ஆனால் அவருக்குச் சத்துணவுக் கூடத்தில் வேலை, திரும்ப மூன்றாகிவிடும்.

அண்ணனுக்கு விவரம் அனுப்பினேன். வாய்ஸ் மெசேஜ் வந்தது. "சரிடா, புல்லு கொஞ்சம் கொறஞ்சா கொறயட்டும். மத்தியானம் யாரு மாத்திக் கட்டுவா? நீயா?"

அதற்குப் பிறகு ஏழு விநாடி சிரிப்பு. ஒரு வாரம் பார்ப்பானாம். ஒரு நாள் தவறினாலும் மாட்டு வியாபாரி வருவார்.

5.

முடிவு அ: வியாபாரி வருகிறார், மாடு போகிறது, புல்தரை வருகிறது. [புல்லுக்குத் தண்ணீர் விடவும் ஒருவன் எழுந்திருக்க வேண்டும்.]

முடிவு ஆ: தம்பி திருந்துகிறான், கன்று பிறக்கிறது, அண்ணன் கண்கலங்கி... [இந்தத் தம்பியை எனக்குத் தெரியும். நம்பாதீர்கள்.]

முடிவு இ: வாசகரே எழுதிக்கொள்ளலாம். இதைத்தான் வைத்திருந்தேன், கௌரவமாகவும் இருந்தது. ஆனால் நீங்கள் என்ன எழுதினாலும் மாடு நின்ற இடத்திலேயே நிற்கும்.

இன்று முதல் நாள். காலையில் கிளம்பும்போது அண்ணி வாசலில் நின்று சொன்னார்: "கதைய முடிச்சிட்டு எந்திரிக்காதீங்க. எந்திரிச்சிட்டு முடிங்க."

மணி பதினொன்று ஐம்பத்தாறு. நிழல் மரத்தடிக்குச் சுருங்கிவிட்டது. மாடு என் ஜன்னலைப் பார்க்கிறது. இன்னும் ஒரே ஒரு வாக்கியம் எழுதினால் கதை முடிந்துவிடும். நல்ல வாக்கியம்தான், மனதில் தயாராக இருக்கிறது. அதை