துளை போடாத சுவர்

வாடகை வீடுகளிலேயே நாற்பது வயதைத் தொட்டவனுக்குச் சொந்த வீடு அமைந்தால் தலைகால் புரியாமல் போவது சகஜம்தான். ஆனால் அவள் புருஷனுக்குப் பிடித்த பைத்தியம் வேறு வகை. இதுவரை இருந்த வீடுகளின் சொந்தக்காரர்கள் எல்லாரும் சொல்லி வைத்தாற்போல ஒரே பாட்டைத்தான் பாடினார்கள்: சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. கேட்டுக் கேட்டு அது அவன் ரத்தத்தில் ஊறிவிட்டது. கடலுக்குப் பக்கத்தில் இந்த வீட்டை வாங்கிக் குடிவந்த நாளிலிருந்து அவனே அவனுக்குக் கெடுபிடியான வீட்டுக்காரன் ஆகிவிட்டான். காலண்டரைக்கூட அலமாரிக் கைப்பிடியில்தான் மாட்டினான். கதவு ஜன்னல் பொருத்தும் தச்சு வேலை பார்க்கிற அவள் தம்பி, மாமாவுக்கு 'ஹவுஸ் ஓனர்' என்று பட்டமே கொடுத்துவிட்டான். அதைக் கேட்டு மாமாவுக்கு உள்ளூரப் பெருமை வேறு.

புயல் காலத்துக்கு முன்னால் என்னென்ன செய்ய வேண்டும் என்று வீட்டை விற்றவரே படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். புருஷன் ஒன்றையும் விடவில்லை. கூரை மேல் சாய்ந்த கிளைகளை வெட்டினான், மழைத்தண்ணீர்க் குழாயைக் குடைந்து சுத்தம் செய்தான், குடிக்கத் தண்ணீர் பிடித்து வைத்தான். ஒன்றே ஒன்றுதான் பாக்கி. ஜன்னல்களைப் பலகையால் மூட வேண்டுமென்றால் சுற்றிச் சுவரில் துளை போட்டு போல்ட் இறக்க வேண்டும். தம்பி டிரில் மெஷினோடு வந்து பென்சிலால் புள்ளி வைத்ததுமே புருஷன் குறுக்கே வந்து நின்றான். பலகையை ஜன்னல் சட்டத்துக்குள் வைத்து நான்கு பக்கமும் மரத்துண்டு செருகினால் போதும் என்றான். தம்பி பொறுமையாகச் சொன்னான், பிறகு கோபமாகச் சொன்னான். கடைசியில் மாமா அவன் கையிலிருந்த மெஷினைப் பிடுங்கித் தெருவில் வைத்துவிட்டு வந்தான். அவள் தெருவுக்குப் போய் மெஷினை எடுத்துத் தம்பியிடம் கொடுத்தாள். தம்பிக்காகப் பேசியிருக்க வேண்டும்.

புயல் வேறு பக்கம் போகிறது என்றுதான் ரேடியோவில் சொன்னார்கள். மறுநாள் காலையில் அது மனசை மாற்றிக்கொண்டது. அவள் வேலை செய்யும் லாண்டரியில் எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். வந்து பார்த்தால் புருஷன் சின்ன மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு மரத்துண்டுகளைத் தட்டித் தட்டிச் செருகிக்கொண்டிருந்தான். அவள் தம்பிக்குப் போன் போட்டு வரச் சொன்னாள். பழசையெல்லாம் மறந்து அவன் வண்டியைக் கிளப்பிக்கொண்டு வந்து சேர்ந்தபோது, வெளியே நின்று டிரில் பிடிக்க முடியாத அளவுக்குக் காற்று ஏறிவிட்டது. திரும்பிப் போகவும் வழியில்லை. வாசலில் வைத்த வண்டி அவன் கண்ணெதிரே தெருவோடு உருண்டு போனது.

மத்தியானம் கூடத்து ஜன்னல் பலகை காற்றின் ஒரே உதையில் உள்ளே விழுந்தது. கண்ணாடி சிதறி புருஷனின் கழுத்திலும் கையிலும் ஏறியது. காற்று உள்ளே புகுந்து நாற்காலிகளைத் தூக்கிச் சுவரில் அறைந்தது. தலைக்கு மேல் கூரைத் தகடுகள் எழும்பி எழும்பி அடங்கின. குளியலறைக்கு மட்டும்தான் காங்கிரீட் கூரை. அவள் மகளை வாரிக்கொண்டு அங்கே ஓடினாள். திரும்பிப் பார்த்தால் புருஷன் பலகையைத் தூக்கி ஜன்னலில் சாத்தி, தோளால் முட்டுக் கொடுத்து நிற்கிறான். தம்பி அவன் இடுப்பைப் பிடித்து இழுக்கிறான்.

"விடுங்க மாமா. வீடு போனா போகட்டும், வாங்க."

புருஷன் கையிலிருந்த சுத்தியலை வீசினான். அது தம்பியின் வாயில் விழுந்தது. பல்லும் ரத்தமுமாக அவன் தரையில் சரிந்தான்.

அதைப் பார்த்த பிறகு அவளுக்குப் பயமெல்லாம் போய்விட்டது. மகளைக் குளியலறை மூலையில் உட்கார வைத்து, இங்கேயே இரு என்று சொல்லிவிட்டு, வழியில் விழுந்து கிடந்த இஸ்திரிப் பெட்டியை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். புருஷனின் முழங்கையில் ஒரே போடு. எலும்பு முறிந்த சத்தம் அந்தக் காற்றிலும் கேட்டது. அவன் அலறிக்கொண்டு மடங்கினான். பலகை பிய்த்துக்கொள்ளப் போன நேரம், தம்பி எழுந்து அதில் முதுகைக் கொடுத்தான்.

"இதை விட்டா கூரை இப்பவே போயிடும். நீ இவரை இழுத்துட்டுப் போக்கா. உள்ள போனதும் நான் ஓடி வந்துடறேன்."

அவள் புருஷனைச் சட்டைக் காலரைப் பிடித்துத் தரதரவென்று இழுத்தாள். கண்ணாடித் துண்டுகள் அவள் பாதத்தைக் கிழித்தன. குளியலறைக்குள் அவனைத் தள்ளிவிட்டுத் திரும்பினாள். தம்பி பலகையை விட்டுவிட்டு ஓடி வந்தான். சிரித்தானோ என்னவோ, வாயெல்லாம் ரத்தமாக இருந்ததில் தெரியவில்லை. கூரை மொத்தமாகப் பெயர்ந்து போனது. ஜன்னல் சுவர் அப்படியே அவன் மேல் சாய்ந்தது.

அவள் குளியலறை வாசலிலேயே நின்றாள். காற்றுதான் கதவை அவள் முகத்தில் அறைந்து சாத்தியது.

சாயங்காலம் எல்லாம் அடங்கியதும் வெளியே வந்தார்கள். சுவருக்கு அடியில் ஒரு கைதான் தெரிந்தது. அவள் அதைப் பிடித்துப் பார்த்தாள். சில்லென்றிருந்தது. புருஷன் ஒற்றைக் கையால் சிமெண்ட் கட்டிகளைத் தள்ளித் தள்ளிப் பார்த்தான். முடியவில்லை. "மச்சான், எந்திரிடா, மச்சான்" என்று சின்னப் பிள்ளை மாதிரி விக்கினான். அவளுக்கு அவன் மேல் இரக்கம் வரவில்லை. வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தும் பார்த்தாள்.

பிறகு மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, கதவில்லாத வாசலைத் தாண்டினாள்.

"எங்க போறே?"

"அம்மாகிட்ட சொல்லணும்."

"இரு, நானும் வரேன்."

"வேணாம்," என்றாள் அவள். "நீங்க வீட்டைப் பாத்துக்கோங்க."