புகை வராத வீட்டு விருந்து

பரீட்சைக்கு வராது என்று ஐந்தாம் அங்கத்தைப் படிக்காமல் விட்டதால்தான் நீலவேணியும் மாறழகனும் சேந்தங்கண்மாய் பஸ் நிறுத்தத்தில் வந்து இறங்கினார்கள். இருவரும் முந்நூறு வருடத்துப் பழைய நாடகம் ஒன்றின் காதலர்கள். அவள் கோட்டைத் தலைவனின் மகள், கழுத்தில் காசுமாலை. அவன் ஓடக்காரன் மகன், கையில் வாழைப்பழமும் வெற்றிலையும் அடுக்கிய பித்தளைத் தாம்பாளம். ஆவுடையார்கோவிலிலிருந்து வந்த அந்த பஸ்ஸின் கண்டக்டர் டிக்கெட் கேட்டதற்கு மாறழகன் வெண்பாவில் பதில் சொன்னானாம். வெண்பாவுக்குச் சில்லறை கொடுக்க முடியாது என்று கண்டக்டர் விட்டுவிட்டார். இறங்கியதும் இருவரும் டீக்கடை ஆண்டியப்பனிடம் நீலவேணியின் அண்ணன்மார் வீடு எந்தத் திசையில் என்று கேட்டார்கள். யார் வீட்டைக் கேட்கிறார்கள் என்று தெரியாமலே அவர் அங்கிட்டு என்று கண்மாய்ப் பக்கம் கையைக் காட்டினார். அன்றைக்கு ஆரம்பித்த நடை.

நாடகத்தை ஒன்பதாம் வகுப்புக்கு நடத்தியவர் தமிழாசிரியை சிவரஞ்சனி. சொந்த ஊர் அன்னவாசல் பக்கம். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவர், பாடம் நடத்தினால் குரல் ரோடுவரை கேட்கும். துணைப்பாடத்தில் நாடகம் முழுதாகத்தான் இருந்தது. காதலர்கள் ஓடிப்போய்க் காட்டில் குடியிருப்பதும், ‘நடந்தது நடந்துவிட்டது, வாருங்கள், ஊரறிய விருந்து வைக்கிறோம்’ என்று அண்ணன்மார் ஆள் அனுப்புவதும், இருவரும் பழத்தட்டோடு சந்தோஷமாகக் கிளம்புவதும் நான்காம் அங்கம். அந்த இடம் வந்ததும் வகுப்பே கைதட்டியது. முதல் பெஞ்சில் இருந்த கலைமதி என்கிற பெண் எழுந்து நின்று தட்டினாள். சிவரஞ்சனி பக்கத்தைத் திருப்பினார். ஐந்தாம் அங்கத்தில் என்ன நடக்கும் என்பது அவருக்குத் தெரியும். அந்த முகங்களைப் பார்த்து அதைப் படிக்க அவருக்கு வாய் வரவில்லை. “மிச்சம் பரீட்சைக்கு வராது” என்றார். பரீட்சைக்கு வராத பக்கத்தைப் புரட்டிப் பார்க்கிற பிள்ளை அந்த ஜில்லாவிலேயே கிடையாது. புத்தகங்கள் மூடப்பட்டன, காதலர்கள் விருந்துக்குப் போகிற வழியிலேயே நின்றுபோனார்கள்.

அவர்கள் உட்காரவே இல்லை. விடிந்தால் கண்மாய்க்கரை, வெயில் ஏறினால் கட்டுமாவடி ரோடு, பொழுது சாய்ந்தால் மறுபடி பஸ் நிறுத்தம். தாம்பாளத்துப் பழம் அழுகவில்லை, வெற்றிலை வாடவில்லை. ஆண்டியப்பன் டீ கொடுத்தால் வேண்டாம் என்பார்கள். விருந்துக்குப் போகிறோம், வயிற்றைக் காலியாக வைத்திருக்கிறோம் என்பார்கள். வந்த புதிதில் பாட்டாகப் பேசிக்கொண்டிருந்தவர்கள் ஒன்றிரண்டு வருடத்தில் எங்கிட்டு, இங்கிட்டு என்று பேசப் பழகிவிட்டார்கள். ரேஷன் கார்டு எழுதிக் கொடுக்கச் சொல்லி யாரோ கூட்டிப்போனதில், பிறந்த வருடத்தைக் கேட்ட கிராம நிர்வாக அலுவலர் பேனாவை மூடி வைத்துவிட்டார். ஊருக்கு இதெல்லாம் பழகிப்போயிற்று. பழகாதது ஒன்றுதான், அவர்கள் வந்ததிலிருந்து ஊரில் யாருக்கும் ஓரிடத்தில் நிலைகொள்ளவில்லை. சாப்பிட உட்கார்ந்தவர்கள் பாதியில் எழுந்து வாசலுக்குப் போய் எதையோ பார்த்துவிட்டு வந்தார்கள். அந்த வகுப்புப் பிள்ளைகள் ஒரு வேலையில் தரிக்கவில்லை. இன்றைக்குத் துபாய் என்பான், மறுவருடம் சிங்கப்பூர் என்பான், நடுவில் வந்து கோழிப்பண்ணை வைத்து அதையும் பாதியில் விடுவான்.

எல்லோரையும்விட மோசம் சிவரஞ்சனிதான். நாற்காலியில் அவரால் உட்கார முடியவில்லை. நடந்துகொண்டே பாடம் நடத்தினார், நடந்துகொண்டே விடைத்தாள் திருத்தினார். தூங்கும்போதும் கால்கள் போர்வைக்குள் நடந்தன. செருப்புத் தைக்கிற வீரய்யா, ‘டீச்சர் காலுக்கு லாரி டயரில்தான் செருப்பு அடிக்கணும்’ என்று கேலி செய்தார். என்ன செய்தால் இது நிற்கும் என்று சிவரஞ்சனிக்குத் தெரியாமல் இல்லை. ஐந்தாம் அங்கத்தைப் படித்தால் நின்றுவிடும், அந்த இரண்டு பேரும் நின்றுவிடுவார்கள். ஒவ்வொரு ஜூன் மாதமும் படித்தே தீருவது என்று புத்தகத்தை எடுப்பார். ஜன்னலுக்கு வெளியே நீலவேணி தாம்பாளத்தைக் கை மாற்றி வாங்கிக்கொண்டு போவாள். மிச்சம் பரீட்சைக்கு வராது என்று சொல்லிப் புத்தகத்தை மூடிவிடுவார்.

இதற்கிடையில் கைதட்டிய கலைமதி வளர்ந்து, அறந்தாங்கியில் கல்லூரி முடித்து, கட்டுமாவடி மீன்பிடிக் குடும்பத்துப் பையன் மரியசெல்வத்தைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு திருப்பூருக்குப் போய்விட்டாள். அவள் அப்பா நாகராசு மூன்று வேலி நிலத்துக்காரர், நல்ல மனிதர், ஆனால் தம்பி திருமுருகன் பேச்சைத் தட்டத் தெரியாதவர். ஊரில் தலைகாட்ட முடியவில்லை என்று திருமுருகன் குதித்துக்கொண்டிருந்தார். குதிப்பதும் ஒரு நாள் நின்றது. போன வைகாசிக்கு முந்தின வைகாசியில், திருவிழாவுக்குக் காப்புக் கட்டியிருந்த சமயம், கலைமதி டீச்சருக்குப் போன் செய்தாள்.

“டீச்சர், சித்தப்பா பேசுனாரு. நடந்தது நடந்துபோச்சு, ரெண்டு பேரும் வாங்க, ஊரறிய விருந்து வைக்கிறோம்னாரு. நாளைக்குக் காலையில வாரோம்.” சந்தோஷத்தில் அவளுக்கு மூச்சு வாங்கியது. சிவரஞ்சனிக்குக் கால்கள் இன்னும் வேகமாக நடந்தன.

காலையில் அவர் நாகராசு வீட்டுப் பக்கம் போனார். அந்த ஊரில் வீட்டுக்கு வீடு கேஸ் அடுப்பு உண்டு, ஆனாலும் ஊர் விருந்தென்றால் வாசலில் அடுப்பு வெட்டி, விறகு வைத்து, அண்டாவில்தான் சோறு வடிப்பார்கள். அந்தப் புகை கண்மாய்க்கு அங்கிட்டு நிற்பவனுக்கும் தெரியும். நாகராசு வீட்டு வாசலில் அடுப்பும் வெட்டவில்லை, விறகும் இல்லை. பந்தல் இல்லை, வாழை மரம் இல்லை. கலைமதியின் அம்மாவை முதல்நாளே திருவரங்குளத்துக்கு அனுப்பிவிட்டிருந்தார்கள். திருமுருகனும் அவர் சேர்த்த ஆட்களும் மோட்டார் சைக்கிள்களின் மேல் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். நாகராசு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிவரஞ்சனி அந்த வீட்டை அதற்கு முன்பும் பார்த்திருக்கிறார். ஐந்தாம் அங்கத்தின் முதல் காட்சி, விருந்துக்கு அழைத்த வீட்டின் கூரைக்கு மேல் புகை இல்லாததுதான். வீட்டுக்கு ஓடித் துணைப்பாடப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு ஓடினார். போகிற வழியெல்லாம் போன் போட்டார், அந்தப் பெண்ணின் போன் சார்ஜ் இல்லாமல் அணைந்து கிடந்தது.

பஸ் வந்துவிட்டிருந்தது. கலைமதி பட்டுச்சேலையில் இறங்கி நின்றாள். மரியசெல்வத்தின் கையில் பழமும் ஸ்வீட் பெட்டியும் வைத்த எவர்சில்வர் தட்டு. பக்கத்திலேயே, கண்மாய்க்கரையிலிருந்து ரோட்டுக்கு ஏறி, நீலவேணியும் மாறழகனும் பித்தளைத் தட்டோடு நடந்துகொண்டிருந்தார்கள். நான்கு பேரையும் சேர்த்துப் பார்த்த சிவரஞ்சனி கலைமதியின் கையைப் பிடித்தார். வீட்டுக்குப் போகாதே, இந்த பஸ்ஸிலேயே ஏறிப் போய்விடு என்று கெஞ்சினார்.

கலைமதிக்குக் கோபம் வந்தது. “என்ன டீச்சர் பேசுறீங்க? எங்க அப்பா, டீச்சர், அவரு.”

“ஒனக்கு நாடகத்தோட முடிவு தெரியாதுடி. நான் சொல்லிக்கொடுக்கல. அதான் இப்படி நம்பி வந்து நிக்கிற.”

நாடகம் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் நீலவேணி திரும்பினாள். இத்தனை வருடத்தில் அவள் நின்று பேசியது அன்றுதான். “எங்களுக்கும் தெரியாதுங்க டீச்சர். படிங்க.”

“படிச்சா நீங்க ரெண்டு பேரும் இருக்க மாட்டீங்க, ஆத்தா.”

நீலவேணி மாறழகனைப் பார்த்தாள். அவன் தாம்பாளத்தை மெல்லத் தரையில் இறக்கி வைத்தான். “நடந்து நடந்து காலு ஓஞ்சுபோச்சு” என்றாள். “விருந்து உண்டா இல்லையான்னாவது தெரியட்டும். அந்தப் புள்ளயும் தெரிஞ்சுக்கட்டும்.”

சிவரஞ்சனி படித்தார். டிரைவர் இன்ஜினை அணைத்தார், ஜன்னலோரம் இருந்தவர்கள் தலையை வெளியே நீட்டினார்கள். புகையில்லாத கூரையைப் பற்றிய வரி வந்தபோது கலைமதி தன்னையறியாமல் திரும்பிக் கண்மாய்க்கு அங்கிட்டுப் பார்த்தாள். அவள் வீட்டுக்கு மேல் வானம் துடைத்து வைத்தாற்போல இருந்தது. கொஞ்ச நேரம் அப்படியே பார்த்தாள், பிறகு மரியசெல்வத்தின் சட்டையைப் பிடித்தாள். சிவரஞ்சனி அழுதுகொண்டே படித்தார், ஆனால் ஒரு வரியையும் விடவில்லை. நாடகத்தில் அண்ணன்மார் கதவைச் சாத்தினார்கள். அதற்குப் பிறகு நடந்ததும் நடந்தது. நீலவேணி வேப்பமரத்தடியில் சரிந்தாள், மாறழகன் அவள்மேல் ஒரு கையைப் போட்டபடி சரிந்தான். தாம்பாளத்துப் பழங்கள் கண்ணெதிரே கறுத்துப்போயின. கண்டக்டர் கலைமதியையும் மரியசெல்வத்தையும் ஏற்றி விசில் கொடுத்தார். டீச்சர் நிறுத்தத்துத் திண்டில் உட்கார்ந்தார். உட்கார முடிகிறது என்பதே அவருக்குச் சற்றுப் பொறுத்துத்தான் தெரிந்தது.

ஆண்டியப்பன் கடைத் தார்ப்பாயை எடுத்து இருவரையும் மூடியிருந்த நேரத்தில் நாகராசு ஓடிவந்தார். தம்பியைத் தடுக்க வந்தாரா, மகளைப் பார்க்க வந்தாரா என்று அவருக்கே அப்போது தெரியாது. தார்ப்பாய்க்கு வெளியே இரண்டு ஜோடிக் கால்களையும், கறுத்த பழத்தட்டையும் பார்த்தார். அவ்வளவுதான், ரோட்டில் விழுந்து புரண்டார். “நான் ஒரு வார்த்த வேணாம்னு சொல்லியிருக்கணும். வாயில்லாமப் போச்சே எனக்கு, தங்கம், வாயில்லாமப் போச்சே” என்று தலையில் அடித்துக்கொண்டார். பின்னாலேயே வந்த திருமுருகன், தான் செய்யாததை யார் செய்தது என்று விளங்காமல் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார். அந்த மனிதர் அழுது முடிக்கட்டும் என்று சிவரஞ்சனி காத்திருந்தார். அப்புறம்தான் தார்ப்பாயை விலக்கிக் காட்டினார். நாகராசு நீலவேணியின் முகத்தை வெகுநேரம் பார்த்தார். அது மகள் இல்லை என்று தெரிந்த பிறகும் அழுகை நிற்கவில்லை. எழுந்து, தம்பியின் வண்டிச் சாவியைப் பிடுங்கிக் கண்மாயில் வீசிவிட்டு, நேரே போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்து போய் எல்லாவற்றையும் தன் வாயாலேயே சொன்னார். திருமுருகன் ஜாமீனில் வந்தபின் அந்தப் பக்கம் வரவில்லை.

காதலர்களைக் கண்மாய்க்கரையில் அடக்கம் செய்தார்கள். ஜூன் மாதம் பள்ளி திறந்து சிவரஞ்சனி முதல் அங்கத்தை ஆரம்பித்த அன்று, இருவரும் ஆவுடையார்கோவில் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள், தாம்பாளத்தில் புதுப்பழம். யாரும் ஆச்சரியப்படவில்லை. இப்போது நாடகம் ஐந்து அங்கமும் நடக்கிறது. பிள்ளைகள் அழுகிறார்கள், அடுத்த நாள் கபடி விளையாடுகிறார்கள், பெஞ்சில் ஒழுங்காக உட்காருகிறார்கள். ஐந்தாம் அங்கம் படிக்கிற அன்றைக்குக் காலையில் மட்டும் நாகராசு வாசலில் அடுப்பு வெட்டி, விறகு வைத்து, அண்டாவில் சோறு வடிக்கிறார். நீலவேணியும் மாறழகனும் அங்கே இலை போட்டுச் சாப்பிடுகிறார்கள், அவள் இரண்டாம் முறை ரசம் கேட்டு வாங்குகிறாள். பிறகு கையைக் கழுவிவிட்டு, பெல் அடிக்குமுன் ஐந்தாம் அங்கத்துக்குப் பள்ளிக்கூடம் போகிறார்கள்.

இந்த வருடம் அந்த நாளில் கலைமதி இடுப்பில் பிள்ளையோடு பஸ்ஸை விட்டு இறங்கினாள், மரியசெல்வம் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் இறங்கினான். ஆண்டியப்பன் வா என்று கூப்பிட்டார். அவள் கண்மாய்க்கு அங்கிட்டுப் பார்த்தபடி நின்றாள். வீட்டுக்கு மேல் புகை எழும்பிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் நடந்தாள்.