தலைவரின் சிரிப்புக்குக் கீழே ஒரு வெடிப்பு

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல; வாட்சப்பில் படமாக வந்தது. சாய்ந்தமருது வெல்டிங் கடையொன்றில், அலுமினிய சைக்கிள் ஒன்றின் பக்கத்தில் வைத்து, வெல்டருக்குப் பொன்னாடை போர்த்துகிறார்கள். எல்லோரும் கமெராவைப் பார்க்கிறார்கள். சைக்கிளை ஒருவரும் பார்க்கவில்லை. மீதியை நான் கட்டினேன்.

2

'கல்முனைக் கடலின் அலைகள் அன்று…' (அலைக்கும் வெல்டிங்குக்கும் என்ன சம்பந்தம்? விட்டாயிற்று.)

மறுபடி: ஷரிபுதீன் ஹாஜியார் பதினொரு அமைப்புகளின் தலைவர். அக்கரைப்பற்று வரையான துவிச்சக்கரவண்டிப் பவனிக்கும் அவரே தலைமை. அதற்கு முதல்நாள் அவருடைய சைக்கிளில், பெடலுக்குச் சற்று மேலே, சட்டகக் குழாயில் வெடிப்பு விழுந்திருந்தது. வெல்டர் அர்ஷாத் அதை ஒட்டினான். ஒட்டு படத்தில் தழும்பாகத் தெரிந்ததால், அதன்மேல் தலைவர் சிரிக்கும் ஸ்டிக்கரை ஒட்டினார்கள்.

[இங்கே ஒரு விஞ்ஞான ஆசிரியர் இருந்தார். நிறையக் கதைத்ததால் நீக்கிவிட்டேன். அவர் சொல்லவிருந்தது: இரும்பு தேய்த்த கம்பிப் பிரஸால், அதாவது கம்பித் தூரிகையால், அலுமினியத்தைத் தேய்த்தால் அழுக்கு ஒட்டுக்குள் போகும். வெளியே மினுங்கும், உள்ளே ஓட்டை விழும்.]

பவனியன்று காலை அர்ஷாத் கடையைத் திறந்தான். அலுமினியத்துக்கென்று வாங்கிய பிரஸ் பொலித்தீன் உறை பிரிக்காமல் கிடந்தது. பவனி புறப்படும் இடத்துக்கு ஓடினான்.

3

"ஹாஜியார், ஒருக்கா இறங்குங்க. ஒட்டப் பாக்கணும்."

"பாத்துத்தானே பொன்னாட போத்தின?"

"எனக்குத்தானே போத்தின, ஒட்டுக்கில்லயே. பிரஸ்ஸ மாத்தி எடுத்துட்டன். உள்ளுக்கு ஓட்ட இரிக்கும்."

"இரிக்கா, இரிக்குமா?"

"ஸ்டிக்கரக் கழட்டினாத்தான் தெரியும்."

ஷரிபுதீன் குனிந்து தன் சிரிப்பைப் பார்த்தார். "நூறு பேருக்கு முன்னால என்ட மூஞ்சியக் கிழிக்கப் போறியா?"

"கிழிச்சா இன்னொண்டு ஒட்டலாம் ஹாஜியார்," என்றார் செயலாளர் இன்ஸாப். "பொக்கட்டுல அம்பது ஸ்டிக்கர் இரிக்கி." அவர் பகிடி விடவில்லை.

4

முடிவு ஒன்று: பாலத்து இறக்கத்தில் சைக்கிள் முறிகிறது. எழுதும்போது எனக்குப் பெரும் சந்தோஷம். அடுத்தநாள் வாசித்தேன். அறுபத்து மூன்று வயது மனிதர் ஒருவர் தார் ரோட்டில் எழும்ப முடியாமல் கிடந்தார். வெட்டிவிட்டேன்.

முடிவு இரண்டு: தலைவர் பிழையை உணர்ந்து தானாகவே… (பதினொரு அமைப்புகளும் நம்பா.)

மூன்றாவது இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. அர்ஷாத் ஹாண்டிலைப் பிடித்தபடி நிற்கிறான். ஷரிபுதீன் பெடலில் கால் வைத்து, "விடு மனே" என்கிறார். கைதட்டல் தொடங்கிவிட்டது. வியர்வையில் அவன் கை வழுக்குகிறது. ஹாண்டிலின் மறுபக்கத்தைப் பிடிக்க ஆளில்லை. அங்கே நிறுத்த என்னிடம் பாத்திரம் மிச்சமில்லை.

நீங்கள் கிட்டத்தான் நிற்கிறீர்கள்.